விளக்கம் இருக்க வேண்டிய இடம்: கையேடா, கருவியா?

பெரம்பூரில் நாங்கள் நடத்தும் சிறிய கணினிக் கூடத்தில், மெய்நிகர் கணினிகளை (ஓர் இயந்திரத்துக்குள் மென்பொருளால் இயங்கும் கணினிகள்) ஏஐ ஏஜென்ட், அதாவது தானாக வேலை செய்யும் ஏஐ நிரல், நிர்வகிப்பதற்கான கருவிகளை (அது அழைத்து இயக்கும் கட்டளைகள்) இருவிதமாக ஆவணப்படுத்திப் பார்த்தோம்: ஒன்று மனிதர்கள் படிக்கும் தனிக் கையேடு, மற்றொன்று கருவிக்குள்ளேயே எழுதப்படும் விளக்கம்.

கையேட்டில் காரணங்களை விரிவாகச் சொல்லலாம். வியாசர்பாடியிலிருந்து வரும் புதிய பயிற்சியாளரும் ஒரே மாலையில் படித்துப் புரிந்துகொள்வார். ஆனால் யாராவது எடுத்துக் கொடுத்தாலொழிய ஏஜென்ட் அதைப் பார்ப்பதில்லை.

2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட, ஏஐயை வெளிக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி நெறிமுறையிலோ, கருவியின் பெயரும் விளக்கமும் உள்ளீட்டு வடிவமும் ஏஜென்ட்டிடம் நேரே போய்ச் சேருகின்றன. அதனால் அங்கே ஒவ்வொரு சொல்லையும் அளந்து எழுத வேண்டியிருக்கிறது. மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் லிப்வர்ட் மென்பொருளின் விர்ஷ் கட்டளைகளில் 'டெஸ்ட்ராய்' (அழி) என்பது மின்கம்பியைப் பிடுங்கியதுபோல் கணினியை நிறுத்துமே தவிர, வட்டை அழிக்காது. கணினி வளங்களை உருவாக்கி நிர்வகிக்கும் டெராஃபார்ம் மென்பொருளில் அதே சொல், தான் நிர்வகிக்கும் வளங்களையே நீக்கிவிடும். நாங்கள் பெயரை மட்டும் வைத்திருந்தபோது, உறைந்துபோன ஒரு கணினியை நிறுத்தத் தயங்கி ஏஜென்ட் வேறு வழிகளைத் தேடிக்கொண்டே இருந்தது. "உடனே நிறுத்தும், சேமிக்காத தரவு போகலாம், வட்டு அப்படியே இருக்கும்" என்று எழுதிய பிறகே தயக்கம் நீங்கியது.

விளக்கம் நீண்டால் டோக்கன் (ஏஐ படிக்கும் உரைத்துண்டு) செலவு கூடும் என்பது உண்மையான குறைதான். இருந்தும், ஆபத்தான செயல்களின் விளைவைக் கருவியிலேயே எழுதுவதையே நான் தேர்ந்தெடுப்பேன். காப்புப்பிரதி எடுக்கும் முறையும் நள்ளிரவில் யாரை அழைப்பது என்பதும் கையேட்டில் இருக்கட்டும்.