அப்பாவுக்காக நாங்கள் கேட்ட கேள்விகள்

விடுமுறையில் ஊருக்கு வந்த 3 வாரத்தில் 9 நாள் அப்பாவின் பக்கவாதத்தால் மருத்துவமனை வார்டில் போயிற்று. வந்த நான்காம் நாள் காலை 7 மணி. அப்பா சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். வலது கை விரல்கள் பொத்தானைத் தொடுகின்றன, பிடிக்கவில்லை. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார்; வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது, சொல் குழறியது.

"கொஞ்ச நேரம் படுத்தால் சரியாகிவிடும்" என்று அம்மா தண்ணீர் எடுத்து வந்தார். வாங்கி ஓரமாக வைத்துவிட்டு வண்டியை வரவழைத்தேன். ஆனால் அருகில் இருக்கிறதே என்று ஒரு சிறிய மருத்துவமனைக்கு அழைத்துப் போனது என் தவறு. ரத்த அழுத்தம் பார்த்து, களைப்புதான் என்று மாத்திரை எழுதினார்கள். 40 நிமிடம் வீண். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்பதை ஸ்கேன் இல்லாமல் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அடைப்பைக் கரைக்கும் மருந்தை வெடிப்புக்குக் கொடுத்தால் உயிரே போய்விடலாம். பக்கவாதம் என்று சந்தேகம் வந்தால் எந்நேரமும் சி.டி. ஸ்கேன் எடுக்கும் இடத்துக்குத்தான் நேராகப் போக வேண்டும்.

இரண்டாவது மருத்துவமனைக்குள் நுழைந்தபோது மணி 8:20. செவிலியர் கேட்ட முதல் கேள்வி: "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" 7 மணிக்குப் பார்த்தோம் என்றேன். "நீங்கள் பார்த்த நேரம் வேண்டாம். அதற்கு முன்னால் நன்றாகப் பேசி, நடந்த நேரம்?" அம்மாவுக்குத்தான் அது தெரிந்திருந்தது. 5:30 மணிக்கு அப்பா எழுந்து அம்மாவோடு பேசிவிட்டு மறுபடி படுத்திருக்கிறார். அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடுவதற்குரிய நான்கரை மணி நேரம் 5:30 மணியிலிருந்தே ஓடத் தொடங்கிவிட்டது. அதாவது எங்களுக்கு 10 மணி வரைதான். அதற்குள்ளும் முந்துவதுதான் நல்லது. சிகிச்சை பெறாத பெரிய அடைப்பில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன.

ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. அடுத்து, ரத்தக்குழாய்களைப் பார்க்கச் சாய மருந்து செலுத்த வேண்டும் என்றார்கள். அம்மா அங்கேதான் நின்றுவிட்டார். "இவருக்குக் கிரியேட்டினின் 1.5 டாக்டர். சாயம் கிட்னியைக் கெடுத்துவிடாதா?" சிறுநீரகம் சரியாக வடிகட்டாதபோது ரத்தத்தில் கூடும் கழிவுதான் கிரியேட்டினின். அவசரத்திலும் அந்த மருத்துவர் பதில் சொன்னதை நான் மறக்க மாட்டேன். இந்த அளவில் சாயத்தால் சிறுநீரகம் கெடும் வாய்ப்பு குறைவு, தாமதித்தால் மூளைக்கு வரும் கேடு பெரிது, அடுத்த சில நாள் ரத்தத்தில் கிரியேட்டினினைப் பார்த்துக்கொண்டே இருப்போம் என்றார். பெரிய குழாயில் அடைப்பு இல்லை. ரத்த அழுத்தத்தை 185/110-க்குக் கீழே இறக்கிய பிறகு 9:10 மணிக்கு ஊசி போட்டார்கள்.

வார்டில் கேள்விகள் தீரவே இல்லை. ஏன் தண்ணீர்கூடத் தரவில்லை? விழுங்கும் தசையும் தளர்ந்திருக்கலாம். தண்ணீர் மூச்சுக்குழலில் இறங்கினால் நிமோனியா வரலாம். மறுநாள் செவிலியர் அப்பாவை நிமிர்த்தி உட்காரவைத்து, தொண்டையில் விரல் வைத்து, ஒரு தேக்கரண்டித் தண்ணீர் கொடுத்தார். விழுங்கியதும் "ஆ என்று சொல்லுங்கள் ஐயா" என்றார். குரலில் ஈரம் கலந்த கரகரப்பு இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டார். பிறகுதான் அடுத்த கரண்டி. வழக்கமான ஆஸ்பிரின் ஏன் இல்லை? ஊசி போட்டு 24 மணி நேரம் கழித்து மறு ஸ்கேனில் கசிவு இல்லை என்று தெரிந்த பிறகுதான். பக்கவாதம் வந்தவுடன் வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தளர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது என்பதும் எனக்குத் தெரியாது, தோள்மூட்டு நழுவிவிடுமாம். சிறுநீர் வடியப் பொருத்திய குழாயை எப்போது எடுப்பீர்கள் என்று தினமும் கேட்டேன். நாள் கூடக்கூடக் கிருமித்தொற்று வாய்ப்பும் கூடுகிறது. மூன்றாம் நாள் எடுத்துவிட்டார்கள்.

சிறுநீரகம் பற்றி அம்மா தவறாக நினைத்திருந்ததைத்தான் நானும் நினைத்திருந்தேன். பரிசோதனைத் தாளில் 1.3 வரை இயல்பு என்று போட்டிருக்க, 1.5 என்றால் சற்றே கூடுதல் என்றுதானே தோன்றும்? 72 வயது ஆணுக்கு அந்த 1.5-ஐக் கணக்கிட்டால் சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் திறன் (eGFR) 49 வருகிறது. 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். வலி இல்லை, சிறுநீர் நன்றாகப் போகிறது என்பதெல்லாம் ஆறுதல் தரும் அடையாளங்கள் அல்ல. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும். அப்பாவுக்கு ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. நிறையத் தண்ணீர் குடித்தால் சரியாகுமா என்று கேட்டேன். ஆகாது, கால் வீக்கமோ இதய பலவீனமோ இருந்தால் தண்ணீரே தொல்லையாகும் என்றார் மருத்துவர்.

வீட்டு அலமாரியிலிருந்த மாத்திரைகளையெல்லாம் ஒரு பையில் அள்ளிக் கொண்டுபோய்க் காட்டினேன். முழங்கால் வலிக்கு அப்பா தினமும் போட்டுக்கொண்டிருந்த டைக்லோஃபெனாக்கை மருத்துவர் தனியே எடுத்து வைத்தார். சிறுநீரகத்தைக் கெடுக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும், பக்கவாத வாய்ப்பையும் கூட்டும் மாத்திரை அது. ரத்த அழுத்த மாத்திரையோ பாதிப் பட்டை மீதம். அழுத்தம் சரியாகிவிட்டது என்று அவராகவே நிறுத்தியிருக்கிறார்.

வீட்டுக்கு அனுப்பிய விதம்தான் மனத்தாங்கல். இரவு 8 மணிக்கு, வண்டி வாசலில் நிற்கும்போது, சுருக்கக் குறிகள் நிறைந்த இரண்டு பக்கங்களைக் கையில் கொடுத்தார்கள். அத்தனை நாள் பொறுமையாகப் பதில் சொன்ன இடத்தில் இப்படியா? நான் நகரவில்லை. எந்த மாத்திரை எதற்கு, எது புதிது, எதை நிறுத்தினீர்கள், எது சிறுநீரகத்துக்காக அளவு குறைத்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அம்மாவின் கையெழுத்திலேயே தமிழில் எழுதவைத்தேன். அரை மணி நேரம் ஆனது. அந்தத் தாள் இப்போது அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறது. கீழே அம்மா தானாகவே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: மூன்று மாதம் கழித்துக் கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின்.