சுங்கை சிப்புட் கோப்பைக் கடை: பேரையும் காரணத்தையும் கேட்டுட்டுதான் பொறிப்பாங்க

பள்ளிக்கூட பரிசளிப்பு விழாவுக்கு கோப்பை, கேடயம் எல்லாம் எங்க அடிக்கிறீங்கன்னு நெறைய பேரு கேக்குறாங்க, அதனால விவரமாவே எழுதிடுறேன். கடை பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் பசாருக்கு (சந்தைக்கு) பின்னாடி இருக்குற கடைவரிசையில இருக்கு, ஒரு பக்கம் தையக்கடை, இன்னொரு பக்கம் மோட்டார் பட்டறை, நடுவுல கண்ணாடி அலமாரி முழுக்க கோப்பையா நிக்கும், தப்பவே முடியாது. கடைக்கார அண்ணனும் அண்ணியும் ரெண்டே பேருதான் வேலை பாக்குறாங்க. முன்ன சாவி வெட்டுறது, ரப்பர் ஸ்டாம்பு அடிக்கிறதுன்னு இருந்த கடை, இப்பவும் அந்த வேலை நடக்குது, ஆனா முக்காவாசி கோப்பையும் கேடயமும்தான்.

நான் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில பிஐபிஜி (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) செயலாளர். மொத்தமே 63 பிள்ளைங்க. 150 பேருக்கு மேல போகலன்னா கல்வி அமைச்சு கணக்குல அது குறைந்த மாணவர் பள்ளி, நாங்க அதுல பாதிகூட இல்ல. பள்ளி நிக்கிற நிலம் தோட்டத்துக்குச் சொந்தம், அரசாங்கத்தோட பகுதி உதவிதான், அதனால விழான்னு வந்துட்டா பெத்தவங்க கைகாசு, கோயில் கமிட்டி குடுக்குறது, தெரிஞ்ச கடைக்காரங்க ரெண்டு மூணு பேரு போடுறது, அதுக்குள்ள எல்லாம் முடியணும். செம்பனை குலை வெட்டுறவரு, பேக்டரி ஷிப்டுக்குப் போற அம்மா, அவங்க குடுத்த 10 வெள்ளி (ரிங்கிட்) எங்க போச்சுன்னு நான் பதில் சொல்லணும். அதுக்காகத்தான் கடைய இவ்வளவு பாக்குறேன்.

முந்தி வேற ஊர்ல ஒரு கடையில அடிச்சிட்டு இருந்தோம். பேரு வேணாம். என் மக பேர்ல ஒரு ழ இருக்கு. மூணாம் ஆண்டுல அவளுக்கு கதை சொல்லும் போட்டியில பரிசு, மேடையில வாங்கிட்டு சிரிச்சிட்டே எறங்குனா, உக்காந்து தகட்ட படிச்சா, அப்படியே கோப்பைய திருப்பி மடியில வச்சிக்கிட்டா. ழ இருக்குற எடத்துல ள அடிச்சிருக்காங்க. வீட்டுக்கு வந்து "அம்மா இது என் பேரு இல்லம்மா, வேற யாருக்கோ குடுத்தது"ன்னு சொன்னா. ஒரு எழுத்துதானேன்னு அந்தக் கடையில சொன்னாங்க. ரெண்டு மாசத்துல அந்த தகடும் உரிஞ்சு விழுந்துச்சு, ஒட்டுன டேப்பு அப்படி. அந்தக் கோப்பை இன்னும் எங்க வீட்டு அலமாரி மேல இருக்கு, முன்பக்கம் செவத்தப் பாத்து.

இந்தக் கடைக்கு முதல் தடவ போனப்ப நான் இதத்தான் மொதல்ல சொன்னேன். அண்ணன் ஒண்ணும் பேசாம கம்ப்யூட்டர என் பக்கம் திருப்பி காட்டுனாரு. தகடு பொறிக்கிற மெஷினோட சாப்ட்வேர்ல தமிழ நேரா போட்டா கொம்பு தனியா நிக்கும், "கொ"ன்னு அடிச்சா கொம்பு ஒரு எடத்துல, க ஒரு எடத்துல, கால் ஒரு எடத்துல, நடுவுல புள்ளி புள்ளியா ஒரு வட்டம். பல கடைங்க தமிழ் தெரியாம அத அப்படியே அடிச்சி விட்டுடுறாங்க, இல்லன்னா எதுக்கு வம்புன்னு ரூமியிலயே (ஆங்கில எழுத்துல) அடிச்சி குடுத்துடுறாங்க. இவரு முரசு அஞ்சல்ல டைப் பண்ணி, எழுத்த கோடு கோடா படமா மாத்தி, அதுக்கப்புறம்தான் மெஷினுக்கு அனுப்புறாரு. முரசு அஞ்சல் நம்ம மலேசியாவுல முத்து நெடுமாறன் உருவாக்குனது, உலகம் பூரா தமிழ் டைப் பண்ண ஒதவுனது, அத வச்சி நம்ம தோட்டத்துப் பிள்ளை பேரு சரியா வருதுன்னா எனக்கு ரொம்ப சந்தோஷம். பொறிக்கிறதுக்கு முன்னாடி அண்ணி பிரிண்ட் எடுத்துக் குடுத்து, பெத்தவங்க கண்ணுல காட்டி கையெழுத்து வாங்கிட்டு வாங்கன்னு சொல்லிடுவாங்க. தமிழ்ல ஒரு வரி, பொறப்பு பத்திரத்துல இருக்குற மாதிரி ரூமியில ஒரு வரி. அலைச்சல்தான், ஆனா 63 பேரு அடிச்சோம், ஒரு எழுத்து தப்பில்ல.

இனிமேதான் முக்கியமான விஷயம். ஆர்டர் எழுத அவங்க ஒரு பாரம் வச்சிருக்காங்க, மூணே கட்டம். பேரு, வகுப்பு, எதுக்காக. மூணாவது கட்டத்துல "சிறந்த மாணவர்"னு எழுதிட்டுப் போனா அண்ணன் வாங்க மாட்டாரு. "எதுல சிறந்த? பத்து வருஷம் கழிச்சி அந்தப் பையன் எடுத்துப் பாத்தா அவனுக்கு என்னா ஞாபகம் வரணும்?"னு கேப்பாரு. கேட்டுட்டு சும்மா நிப்பாரு, நாம யோசிச்சுதான் ஆகணும்.

இதுக்கு முன்னாடி எங்க பள்ளியில ஒவ்வொரு வகுப்புலயும் ஒண்ணு ரெண்டு மூணுன்னு 18 கோப்பை. ஒரு வகுப்புல பத்து பேரு இருந்தா வருஷா வருஷம் அதே மூணு பிள்ளைங்கதான் மேடை ஏறும், மத்த ஏழு பேரும் ஆறு வருஷம் கை தட்டிட்டே இடைநிலைப்பள்ளிக்குப் போயிடுவாங்க. ஆறாம் ஆண்டு அரசாங்கப் பரீட்சை யூபிஎஸ்ஆர் இருந்தப்ப எத்தன 'A'ன்னு ஒரு கணக்கு இருந்துச்சு, அத வச்சி ஓட்டுனாங்க. ஒண்ணாம் ஆண்டுலேருந்து மூணாம் ஆண்டு வரைக்கும் பரீட்சைய 2019-லயே எடுத்தாச்சு, 2021-ல யூபிஎஸ்ஆரும் போயிடுச்சு, அதுக்கப்புறம் பெரும்பாலும் வகுப்புசார் மதிப்பீடு, ஒண்ணுலேருந்து ஆறு வரைக்கும் அடைவுநிலை. அது பிள்ளைக்கு என்னா தெரியும்னு பாக்குறது, பக்கத்துல உக்காந்திருக்குறவன விட மேலயா கீழயான்னு பாக்குறது இல்ல. ஆனா பரிசளிப்பு மட்டும் பழையபடியே முதல் எடம் ரெண்டாம் எடம்னு ஓடிட்டு இருந்துச்சு, நாங்களும் அத கேள்வி கேக்கல.

இந்த தடவ கமிட்டியில 63 பேருக்கும் சின்ன கேடயம் குடுக்கலாம்னு ஒரு பேச்சு வந்துச்சு. எல்லாருக்கும் குடுத்தா அதுக்கு என்னா மதிப்புன்னு ஒரு அப்பா கேட்டாரு, ஞாயமான கேள்விதான். அண்ணன்கிட்ட சொன்னேன். "மூணாவது கட்டத்த எல்லாருக்கும் நெரப்ப முடிஞ்சா குடுங்கம்மா, முடியலன்னா வேணாம்"னாரு. சரின்னு டீச்சருங்களும் நாங்களும் உக்காந்தோம். நன்னெறிக் கல்வியில 14 நெறி இருக்குல்ல, மரியாதை, நேர்மை, துணிவு, ஒத்துழைப்புன்னு, அத ஒரு பக்கம் வச்சிக்கிட்டு, நிலாம்னு சொல்ற வாசிப்புத் திட்டத்தோட கணக்கு, வருகைப் பதிவு, புறப்பாடம் எல்லாம் பாத்து எழுதுனோம். 54 பேருக்கு எழுதிட்டோம். 9 பேருக்கு ஒரு வரிகூட வரல. அந்த அறையில ஆறு வருஷமா அந்தப் பிள்ளைங்கள பாத்துட்டு இருக்குறவங்களும் இருந்தாங்க, யாருக்கும் வரல.

தலைமையாசிரியர் பாரத்த மூடி வச்சிட்டு, ஒரு வாரம் டைம், ஆளுக்கு ரெண்டு பிள்ளைங்கள கவனிச்சி பாருங்கன்னு சொல்லிட்டாரு. வேற ஒண்ணும் செய்ய வேணாம், பாத்தா போதும்னாரு.

அந்த 9 பேர்ல நாலாம் ஆண்டு பையன் ஒருத்தன், தெனமும் லேட்டு, அதுக்காக தெனமும் திட்டு. அவன கவனிக்க வேண்டிய டீச்சர் காலையில காடிய (கார) லயத்துப் பக்கம், தோட்டத்து வீட்டு வரிசைப் பக்கம், ஓட்டிட்டுப் போயி ஓரமா நிறுத்திப் பாத்திருக்காங்க. ஒண்ணாம் ஆண்டு பிள்ளைங்க மூணு பேரு கடைசி லயத்துல இருக்காங்க, வழியில நாய்ங்க ஜாஸ்தி, அதுங்க பயந்துட்டு நிக்குமாம். இவன் எதிர் தெசையில நடந்து போயி, அந்த மூணயும் கூட்டிக்கிட்டு, கையில ஒரு செம்பனை மட்டைய வச்சி நாய விரட்டிக்கிட்டே வர்றான். யாரும் சொல்லி செய்யல, யார்கிட்டயும் சொன்னதும் இல்ல, லேட்டுக்கு திட்டு வாங்குனப்பகூட சொன்னதில்ல. டீச்சர் எங்ககிட்ட இத சொல்றப்ப அழுதுட்டாங்க, எனக்கும் தாங்கல.

அவனுக்கு என்னா எழுதுறதுன்னு நாங்க ஒரு நீள வாக்கியம் எழுதி எடுத்துட்டுப் போனோம், "சிறியோரைப் பாதுகாப்பாகப் பள்ளிக்கு"ன்னு ஆரம்பிச்சி ரெண்டு வரி போச்சு. கேடயத்துல எடம் பத்தாது. அண்ணி ஒரு நிமிஷம் யோசிச்சி பென்சிலால "வழித்துணை"ன்னு எழுதுனாங்க. ஒரே வார்த்த. அப்படியே பொறிச்சோம், அந்தக் கேடயத்துக்கு அது போதும்.

அடுத்து, கூட்டுறவங்க, ஜாகா (காவலாளி), கேண்டின் நடத்துறவங்க இவங்களுக்கும் ஒண்ணு குடுக்கணும்னு முடிவு பண்ணிருந்தோம், அந்த மூணு பேரையும் பாரத்துல போட்டோம். கேண்டின் அக்கா பேரு தெரியும், ஜாகா பாக்சிக் (மலாய்ல மாமா) பேரு சட்டையிலயே இருக்கு. கூட்டுற அக்காவுக்கு வந்தப்ப அண்ணன் கேட்டாரு, "இவங்க முழுப் பேரு?" நான் வாட்சாப் குரூப்புல போட்டேன். யாருக்கும் தெரியல. குத்தகைக்காரரு மூலமா வேலைக்கு வந்தவங்க, பள்ளி ரெஜிஸ்டர்லயும் இல்ல. 11 வருஷமா எங்க பிள்ளைங்க வாந்தி எடுத்தா தொடச்சவங்க, மழையில கழட்டிப் போட்ட செருப்ப எல்லாம் உள்ள எடுத்து வச்சவங்க, எல்லாருக்கும் அவங்க "கூட்டுற அக்கா". மறுநாள் நானே போயி கேட்டேன். தொடப்பத்த செவத்துல சாச்சிட்டு, கைய பாவாடையில தொடச்சிக்கிட்டு, மெதுவா முழுப் பேரும் அப்பா பேரும் சேத்து சொன்னாங்க, "எதுக்குமா, எதும் தப்பாயிடுச்சா?"ன்னு கேட்டாங்க. அத இங்க எழுதறப்பகூட எனக்கு நெஞ்சு அடைக்குது.

விழா அன்னைக்கு தலைமையாசிரியர் அந்தப் பேர முழுசா வாசிச்சப்ப பிள்ளைங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க, யாரு இதுன்னு. அக்கா பின்னாடி கதவுகிட்டேருந்து எழுந்து நடந்து வந்தப்பதான் புரிஞ்சிச்சு, அப்புறம் அடிச்ச கைதட்டு இருக்கே, பெரிய பிள்ளைங்க ஜெயிச்சதுக்குகூட அந்த மாதிரி வரல. அடுத்த நாள்லேருந்து பிள்ளைங்க அவங்கள பேரு சொல்லி அக்கான்னுதான் கூப்புடுறாங்க.

வெலை சொல்லிடுறேன். பழைய கோப்பை ஒண்ணு 38 வெள்ளி, 18 கோப்பைக்கு 684 வெள்ளி. இங்க சின்ன அக்ரிலிக் கேடயம், மரத்தட்டு அடிப்பாகத்தோட, ஒண்ணு 9 வெள்ளி, 66 கேடயத்துக்கு 594. மிச்சக் காசுல பிள்ளைங்களுக்கு சாப்பாடு போட்டோம். பெரிய பிளாஸ்டிக் கோப்பை பாக்க பளபளன்னு இருக்கும், ஒரு வருஷத்துல தங்கக் கலரு உரிஞ்சிடும், அத விட இது கைக்கு அடக்கமா, வெயிட்டா இருக்கு, தகட்ட ஒட்டாம அக்ரிலிக்லயே பொறிக்கிறதால விழுறதுக்கு ஒண்ணுமில்ல.

கொற இல்லாம இல்ல. வாட்சாப்புல மெசேஜ் போட்டா பதில் வர ரெண்டு நாளு ஆகும், நேர்ல போறதுதான் நல்லது. வெள்ளிக்கெழம மத்தியானம் போனா காடி நிறுத்த எடமே கெடைக்காது. ரெண்டு கேடயத்துல தேதி தப்பா வந்துச்சு, சொன்னோம், ராத்திரி கடைய தொறந்து காசு வாங்காம மறுபடி அடிச்சி குடுத்தாங்க, ஆனா விழாவுக்கு முந்துன நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அப்புறம் விளையாட்டுப் போட்டிக்கு அவங்ககிட்ட வாங்குன பதக்கத்தோட ரிப்பன் சரியில்ல, வேர்வையில செவப்பு சாயம் எறங்கி பிள்ளைங்க வெள்ளை சட்டையெல்லாம் கறை, அத ஈப்போவுல வேற எடத்துல வாங்குங்க. கேடயத்துக்கு மட்டும் இங்க போங்க.

1954-ல தொறந்த மகாத்மா காந்தி கலாசாலை தமிழ்ப்பள்ளி இருக்குற ஊரு இது, மலேசியாவுல அமைச்சரா இருந்த துன் சம்பந்தன் பொறந்த ஊரு, பக்கத்துல தமிழ்ப்பள்ளிங்க நெறைய, ஆண்டு கடைசியில எல்லா பள்ளியும் ஒரே நேரத்துல வந்து நிக்கும். அதனால மூணு வாரம் முன்னாடியே போயிடுங்க, பாதிக் காசு முன்பணம் குடுக்கணும், கார்டு எல்லாம் கெடையாது. பேரு பட்டியல தமிழ்லயும் ரூமியிலயும் எழுதி, மூணாவது கட்டத்தையும் யோசிச்சி நெரப்பி எடுத்துட்டுப் போங்க, இல்லன்னா அண்ணன் ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடுத்து திருப்பி அனுப்பிடுவாரு, எங்கள ரெண்டு தடவ அனுப்புனாரு.