பாரசீகத் தூதரகச் செலவு யார் கணக்கில்? கத்தார் டிஜிட்டல் நூலகம்: ஒரு மதிப்புரை

நான் அரசுத் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்தச் செலவைப் பார்த்தாலும், இதை யார் கணக்கில் பற்று எழுதினார்கள் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். கத்தார் டிஜிட்டல் நூலகம் என்ற இணையதளத்துக்குப் போனதும் அந்தக் கேள்வியோடுதான். 19ஆம் நூற்றாண்டில் பாரசீகத்திலும் (இன்றைய ஈரான்) வளைகுடாவிலும் பிரிட்டன் தூதரகம், ரெசிடென்சி என்ற அரசியல் பிரதிநிதி அலுவலகம், கான்சல் அலுவலகம் என்று வரிசையாக வைத்திருந்தது. அதற்கெல்லாம் படியளந்தது லண்டனா, இந்தியாவா? இதை வைத்து லண்டனும், அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் தலைநகராக இருந்த கல்கத்தாவும் தலைமுறை தலைமுறையாகக் கடிதத்தில் மல்லுக்கு நின்றிருக்கின்றன. அந்த வழக்கை மூல ஆவணத்திலேயே, வீட்டில் உட்கார்ந்தபடி படிக்க நினைப்பவர்களுக்கு இந்தத் தளத்தை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

தளம் 2014இல் தொடங்கியது. கத்தார் அறக்கட்டளை, கத்தார் தேசிய நூலகம், லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகம் மூன்றும் சேர்ந்து நடத்தும் வேலை. கட்டணம் இல்லை. பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் இந்தியா ஆபீஸ் (இந்தியாவைக் கவனித்த லண்டன் அரசுத் துறை) ஆவணங்களில் வளைகுடா தொடர்பானவற்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள். காகிதத்தின் மடிப்பு, முத்திரை, ஓரத்தில் யாரோ கிறுக்கிய குறிப்பு எல்லாம் தெளிவாகத் தெரியும். வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கலாம். தணிக்கைக்காரனுக்கு அந்த ஓரக் குறிப்புதான் உயிர். அச்சில் வந்த கடிதம் முடிவை மட்டும் சொல்லும். ஓரத்தில் எழுதியவர்தான் முடிவுக்கு வந்த காரணத்தைச் சொல்வார்.

தூதரகச் சண்டை எவ்வளவு பழையது என்று தெரிந்துகொள்ள முதலில் பிரிட்டிஷ் இந்திய அதிகாரி லோரிமர் தொகுத்த வளைகுடா கெசட்டியர் என்ற தகவல் களஞ்சியத்தைத் திறந்து பாருங்கள். அதுவும் இந்தத் தளத்தில் முழுதாக இருக்கிறது. நெப்போலியன் காலத்தில் பாரசீக ஷாவைத் தங்கள் பக்கம் இழுக்க லண்டன் ஹார்ஃபோர்ட் ஜோன்ஸை அனுப்பியது. கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலாக இருந்த மின்டோ பிரபு தன் ஆளாக ஜான் மால்கமை அனுப்பினார். ஒரே நாட்டுக்கு ஒரே நேரத்தில் இரண்டு தூதர்கள். ஜோன்ஸ் 1809இல் தெஹ்ரானில் முதற்கட்ட ஒப்பந்தமே போட்டுவிட்டார். ஆனால் அவர் செலவுக்காக எழுதிய உண்டியல்களை (பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டுகளை) ஏற்க மாட்டேன் என்று மின்டோ மறுத்துவிட்டார். ஷாவின் அரசவையில் மன்னரின் பிரதிநிதி என்று நிற்கிறவருக்குக் கையில் பணம் கிடையாது. யாருடைய தூதர் என்ற கேள்வி அங்கே யாருடைய பணம் என்ற கேள்வியாக மாறிவிட்டது. அதற்குப் பிறகு பாரசீகத் தூதரகம் லண்டனுக்கும் இந்தியாவுக்கும் இடையே பலமுறை கைமாறியது. 1859இல் இந்தியா ஆபீஸ் ஹென்றி ராலின்சனைத் தூதராக அனுப்பியது. மறு வருடமே தூதரகம் வெளியுறவு அலுவலகத்தின் கைக்குப் போக, அவர் ராஜினாமா செய்துவிட்டார்.

கை மாறினாலும் இந்தியா பணம் கட்டுவது நிற்கவில்லை. இந்த இடத்தில்தான் கோப்புகள் சூடு பிடிக்கின்றன. லண்டன் கருவூலத்தின் வாதம் இது: பாரசீகம் இந்தியாவின் வாசல், ரஷ்யா அங்கே நுழைந்தால் அடுத்து இந்தியாதான், ஆகவே காவலுக்கு இந்தியா கொடுக்கட்டும். கல்கத்தாவின் பதில்: ரஷ்யாவோடு போட்டி என்பது ஐரோப்பிய அரசியல், அதை நடத்துவது நீங்கள், பாரசீகத்தில் துணி விற்பது உங்கள் வியாபாரிகள், எங்களை ஏன் இழுக்கிறீர்கள்? இரண்டு பக்கமும் நல்ல வக்கீல்கள் மாதிரி எழுதுகிறார்கள். கடைசியில் பாரசீகத்தின் தூதரக, கான்சல் செலவில் ஆளுக்குப் பாதி என்ற ஏற்பாடு வந்தது. சரி, அதோடு முடிந்ததா என்றால் இல்லை. எந்தச் செலவு பாதிக்குள் வரும், எது வராது என்று அடுத்த சண்டை. காவலுக்கு நின்ற இந்தியக் குதிரை வீரர்கள், புதிதாகத் திறக்கும் கான்சல் அலுவலகம், கட்டட மராமத்து என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடிதம். பாரசீகத் துறைமுகமான புஷயரில் இருந்த ரெசிடென்சியின் கோப்புகளையும் இந்தியா ஆபீஸின் அரசியல், ரகசியப் பிரிவுக் கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஒரு பில் கீழிருந்து மேலே ஏறி லண்டன் கருவூலம் வரை போய்த் திரும்பி வருவதைப் பார்க்கலாம்.

எனக்கு எதிர்பாராததாக இருந்தது ஒன்று. கல்கத்தாவிலும் கோடைத் தலைநகரான சிம்லாவிலும் இருந்த வெள்ளை அதிகாரிகள் இந்திய வருவாய்க்காக நிஜமாகவே பிடிவாதமாக வாதாடியிருக்கிறார்கள். ஆனால் கோப்பு முழுக்கத் தேடினாலும் அந்த வருவாயைக் கட்டின குடியானவனின் குரல் எங்கேயும் வராது. இந்தியா என்று அவர்கள் எழுதுவது அவர்களுடைய கஜானாவை. லண்டனில் இந்தியாவுக்காகப் பேச வேண்டிய இந்தியா மந்திரிக்கும் 1919ஆம் வருடச் சட்டம் வரும்வரை சம்பளம் இந்திய வருவாயிலிருந்துதான். காலனி மந்திரிக்கோ பிரிட்டனே கொடுத்தது. 1867இல் துருக்கி சுல்தான் லண்டன் வந்தபோது இந்தியா ஆபீஸில் நடந்த நடன விருந்தின் செலவைக்கூட இந்தியாவின் தலையில் கட்டினார்கள். நாடாளுமன்றத்தில் அதைக் கேட்டவர் பார்வையிழந்த உறுப்பினர் ஹென்றி ஃபாசெட். ஒரு சல்லிக்காசு விடாமல் கேள்வி கேட்ட அந்த மனிதரை நினைத்தால் இன்றும் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது.

ஆகவே இந்தத் தளத்தை மட்டும் படித்தால் போதாது என்பது என் உறுதியான கருத்து. இதோடு வெல்பி ஆணையத்தின் சாட்சியங்களையும் சேர்த்துப் படியுங்கள். 1895இல் அமைத்த ஆணையம் அது. இந்தியச் செலவையும், இரண்டு நாட்டுக்கும் பொதுவான செலவை எப்படிப் பங்கிடுவது என்பதையும் விசாரித்தது. 1897இல் கோகலே, வாச்சா, சுரேந்திரநாத் பானர்ஜி ஆகியோருடன் நம் ஜி. சுப்பிரமணிய ஐயரும் லண்டன் போய்ச் சாட்சி சொன்னார். சுதேசமித்திரனை நடத்திய அதே ஐயர்தான். ஆணையத்தின் உள்ளேயே தாதாபாய் நௌரோஜி உட்கார்ந்திருந்தார். 1900இல் பெரும்பான்மை அறிக்கை இந்தியா ஆபீஸ் செலவுக்கு பிரிட்டன் வருடத்துக்கு 50,000 பவுண்டு கொடுக்கலாம் என்ற அளவில் சின்னச் சின்ன நிவாரணம் சொன்னது. ஆணைய உறுப்பினர்களான நௌரோஜி, வெடர்பர்ன், கெய்ன் மூவரும் அதை ஏற்காமல் தனி அறிக்கை எழுதினார்கள். கோப்பில் இல்லாத குரல் இங்கேதான் இருக்கிறது. இது நாடாளுமன்ற அச்சுத் தொகுதிகளில் வந்தது, பெரிய நூலகங்களில் கேட்டுப் பாருங்கள்.

மறுபடி தளத்துக்கு வருகிறேன். புதிதாக நுழைகிறவர்களுக்குத் தேடல் கொஞ்சம் மலைப்பாக இருக்கும். தூதரகம் என்று பொதுவாகப் போட்டால் வெள்ளமாகக் கொட்டும். செலவு, பங்கு, இந்திய வருவாய், கருவூலம் என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களோடு ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். புஷயர், மெஷெத், மஸ்கட் என்று. பக்கத்தில் தரும் எழுத்துப் பெயர்ப்பு கணினி தானாகச் செய்தது, பிழை இருக்கலாம் என்று தளமே சொல்லிவிடுகிறது. தொகையை அதிலிருந்து எடுக்காதீர்கள், படத்தைப் பார்த்து எடுங்கள். கையெழுத்துக் குறிப்புகளைத் தேடலில் பிடிக்க முடியாது. கோப்பைப் புரட்டித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் அதில் என்ன இருக்கிறது என்று ஒரு சுருக்கம் எழுதியிருக்கிறார்கள். அதை எழுதியவர்கள் கோப்பை உண்மையிலேயே படித்தவர்கள். அந்தச் சுருக்கத்தை நம்பி இறங்கலாம். வேண்டிய பக்கத்தைத் தரவிறக்கும்போது கோப்பு எண்ணையும் கூடவே குறித்து வையுங்கள், பின்னால் தேடி அலைய வேண்டாம்.

தளம் ஆங்கிலத்திலும் அரபியிலும் மட்டும்தான். ஆவணங்களின் ஆங்கிலமும் அலுவலக ஆங்கிலம், நீளமான வாக்கியங்கள். கல்லூரியில் வரலாறு படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரே கோப்பைக் கொடுத்து, நாலு பேராக உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள். ஒருவர் லண்டன் கருவூலத்தின் பக்கம், ஒருவர் கல்கத்தாவின் பக்கம், ஒருவர் தெஹ்ரான் தூதரின் பக்கம் பேசட்டும். நாலாவது ஆள் சுப்பிரமணிய ஐயரின் சாட்சியத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கட்டும்.