தாயக்கட்டையா, புளியங்கொட்டையா, நாளைய மழையா: நிகழ்தகவுக்கு மூன்று வழிகள்

திருவல்லிக்கேணியில் எங்கள் மாடி வீட்டுப் பெண் பி.எஸ்சி. புள்ளியியல் முதலாண்டு படிக்கிறாள். போன வாரம் நோட்டோடு இறங்கி வந்தாள். "அண்ணா, ரெண்டு தாயக்கட்டை உருட்டினா 0 முதல் 6 வரைக்கும் ஏழு விதமாத்தானே விழும்? அப்போ தாயம் விழ 1/7 தானே?"

இல்லை. ஆனால் தப்பு எங்கே என்று பார்க்கப் போனால் நிகழ்தகவில் பாதிப் பாடம் அங்கேயே இருக்கிறது.

முதல் வழி, பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்தது: சாதகமானவை கீழ் மொத்தம். பாடப்புத்தகத்தில் இதற்கு முன்னால் 'சமவாய்ப்புள்ள' என்று ஒரு சொல் இருக்கும், நாம் அதைத் தாண்டிப் போய்விடுவோம். ஒரு கட்டையில் வெற்றுப் பக்கம், 1, 2, 3 என நான்கு பக்கம், இரண்டு கட்டைக்கு 4 × 4 = 16 ஜோடி, சமவாய்ப்பு இந்தப் பதினாறுக்குத்தான், ஏழு கூட்டுத்தொகைக்கு இல்லை. கூட்டுத்தொகை 3 நான்கு விதமாக வரும். 6 வர ஒரே வழி, இரண்டிலும் 3. தாயத்துக்கு இரண்டு வழி: இதில் 1 அதில் வெற்று, அல்லது அதில் 1 இதில் வெற்று. ஆக 2/16, அதாவது 1/8. எங்கள் வீட்டு விதிப்படி 1, 5, 6, 12 (இரண்டும் வெற்றாக விழுந்தால் 12) நான்குக்கும் மறுபடி உருட்டலாம், அதற்கு 2 + 2 + 1 + 1, பதினாறில் ஆறு. இப்படிக் கூட்டலாமா என்றால் கூட்டலாம், ஒரே உருட்டலில் இவற்றில் இரண்டு சேர்ந்து விழாது.

அவள் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழ 2/3 என்று 1754-ல் எழுதியவர் டாலம்பேர், பெரிய கணித மேதை. சரியான விடை 3/4. முதல் சுண்டலிலேயே தலை விழுவது, பூவுக்குப் பின் தலை, இரண்டும் பூ என்று மூன்றை வைத்துக்கொண்டு மூன்றுக்கும் சம வாய்ப்பு கொடுத்துவிட்டார்.

சரி, கட்டை இல்லாத வீட்டில்? புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தெரியத் தரையில் தேய்த்து வைத்து விளையாடுவார்கள். அதில் வெள்ளை விழ 1/2 என்று சொல்ல முடியுமா? ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் மேடு, சமவாய்ப்பு என்று யார் சொன்னது! இங்கே இரண்டாவது வழிதான்: போட்டுப் பார்த்து எண்ணுவது. நூறு தடவையில் 58 வெள்ளை விழுந்தால் 0.58 என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் நூறு வீச்சில் பத்து சதவீதப் புள்ளி அப்படி இப்படி இருப்பது சகஜம். அதைப் பாதியாக்க இருநூறு வீச்சு போதாது, நானூறு வேண்டும். கை வலிக்கும், இந்த வழியின் குறை அதுதான்.

இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் சிறைவைக்கப்பட்ட கணிதக்காரர் ஜான் கெர்ரிச்சுக்கு நேரம் நிறைய இருந்தது, நாணயத்தை 10,000 முறை சுண்டி எழுதிவைத்தார். முதல் நூறில் 44 தலை, கடைசியில் 5,067. பாதியிலிருந்து விலகல் 6-லிருந்து 67 ஆகக் கூடிவிட்டது, விகிதமோ 0.44-லிருந்து 0.5067-க்கு வந்துவிட்டது. நெருங்குவது விகிதம் மட்டும்தான், நாணயம் யாருக்கும் பாக்கியைத் தீர்ப்பதில்லை. தாயத்திலும் பத்து முறை உருட்டியும் தாயம் விழாமல் போக ஏறக்குறைய 26 சதவீத வாய்ப்பு உண்டு, அப்படிப் போனபிறகு "இனிமே விழுந்தே தீரும்" என்று கையைத் தேய்ப்பவருக்கும் அடுத்த உருட்டலில் அதே 1/8 தான்.

மூன்றாவது, நாளைக்கு மழை வருமா? நாளை என்பது ஒரே ஒரு நாள், நூறு முறை போட்டுப் பார்க்க வழியில்லை. இங்கே நிகழ்தகவு என்பது கையில் இருக்கும் தகவலை வைத்து நாம் எவ்வளவு நம்புகிறோம் என்பதன் அளவு. வாய்க்கு வந்ததைச் சொல்லலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. பேச்சுக்கு ஒரு கணக்கு: வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் 100 நாளில் 40 நாள் மழை. மழை நாட்களில் 32-க்கு முந்தின சாயங்காலமே கடல் பக்கம் கறுத்திருந்தது, மழையில்லாத 60-லும் 18-க்குக் கறுத்திருந்தது. இன்று மெரினா பக்கம் கறுத்திருக்கிறது என்றால், கறுத்த 50 நாளில் 32, அதாவது 64 சதவீதம். நாற்பதாக இருந்த நம்பிக்கை அறுபத்து நான்கானது. ஆங்கிலேயப் பாதிரியார் தாமஸ் பேய்ஸ் இறந்தபின் 1763-ல் வெளியான கட்டுரையின் வழி இதுதான். குறை என்னவென்றால் அந்த முதல் 40-ஐ நீங்கள் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று எதிராளி கேட்பார், கேட்கத்தான் வேண்டும்.

மூன்றும் எண்ணை வேறு வேறு இடத்திலிருந்து எடுத்தாலும் கூட்டல், கழித்தல் விதி ஒன்றுதான், 1933-ல் ரஷ்யக் கணித மேதை கொல்மகோரோவ் எழுதிவைத்தது. அதனால் என் கட்சி இது: முதலாண்டில் முதல் வழியை ஜோடி ஜோடியாக எழுதிப் பழகுங்கள், சமவாய்ப்பு சந்தேகமாக இருந்தால் உடனே இரண்டாவதுக்குத் தாவுங்கள். மூன்றாவதை இரண்டாம் பருவத்துக்குத் தள்ளலாம், மழைக்காலத்தில் துணி காயப்போடுகிறவர்கள் தவிர.

விடை 1/8 என்று அவள் எழுதி முடித்ததும் பாட்டி தன் பித்தளைக் கட்டையை எடுத்துக் காட்டினாள். எந்தக் காலத்திலோ கீழே விழுந்து ஒரு விளிம்பு நசுங்கியிருக்கிறது. "இதுல தாயம் அதுக்கு மேலயே விழும்டி" என்றாள். பெண் நோட்டில் புதுப் பக்கம் திருப்பிக் கோடு போட ஆரம்பித்தாள், நான் உருட்டினேன்.