சேலம் வெண்பட்டு வேஷ்டி: கரையை விடுங்கள், உடலைப் பாருங்கள்

கடைக்காரர் வெண்பட்டு வேஷ்டியை விரித்ததும் எல்லோர் கையும் முதலில் போவது ஜரிகைக் கரைக்குத்தான். எத்தனை விரல் அகலம், மயில்கண்ணா ருத்ராட்சமா, மினுமினுப்பு எப்படி என்று பேசிவிட்டு நேராக விலைக்குப் போய்விடுகிறோம். ஆனால் அந்த வேஷ்டி பத்து வருஷம் உழைக்குமா, ரெண்டாவது சலவையிலேயே சுருண்டுகொள்ளுமா என்பதைக் கரை சொல்லாது. வெள்ளை உடல் சொல்லும். உடலும் கரையும் சேரும் இடம் சொல்லும். சேலத்தின் குகை, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி பக்கம் நெய்து, கூட்டுறவுச் சங்கக் கடைகளிலும் தனியார் ஜவுளிக் கடைகளிலும் விற்கும் 8 முழ வெண்பட்டு, அதோடு வரும் அங்கவஸ்திரம், சங்கத்தில் சொல்லி நெய்து வாங்கும் ஏற்பாடு ஆகிய மூன்றையும் பற்றிய மதிப்பீடு இது.

முதலில் துணி. சாயம் போட்ட சேலையில் சின்னச் சின்ன நெசவுக் குறைகள் நிறத்தில் மறைந்துவிடும். வெள்ளையில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. அதனால் வெண்பட்டில் பாதி வேலை தறிக்கு வருமுன்பே, நூலை வேகவைப்பதில் முடிகிறது. கச்சாப் பட்டிழையின் மேல் இயற்கையாகவே ஒரு பசை இருக்கும். எடையில் ஏறக்குறைய 20 முதல் 25 சதவீதம். சோப்பும் சோடாவும் கலந்த நீரில், கொதி வருவதற்குச் சற்று முன்னால் இருக்கும் சூட்டில் அதை இளக்கி எடுக்க வேண்டும். ஒரு கிலோ கச்சாப் பட்டு வெந்து வெளியே வரும்போது 750 அல்லது 800 கிராம்தான் நிற்கும். இந்தக் கழிவை மிச்சம் பிடிக்க நினைத்து அரைவேக்காடாக எடுத்தால் துணி விறைப்பாகவே இருக்கும், சீக்கிரம் மஞ்சளிக்கும். அளவுக்கு மீறி வெந்தாலோ, சோடா கூடினாலோ இழை பலம் இழக்கும். நாலு முறை கட்டியதுமே இடுப்பு மடிப்பு விழும் இடத்தில் மெல்லிய நார் எழும்பும்.

இதைக் கடையிலேயே பார்த்துவிடலாம். வேஷ்டியின் ஒரு மூலையை உள்ளங்கையில் அடக்கிப் பத்து விநாடி இறுக்கிப் பிடித்து விடுங்கள். நன்றாக வெந்த பட்டு மெதுவாக விரியும், வளைவான மடிப்பு மட்டும் லேசாக நிற்கும். காகிதம்போல் கூரான மடிப்பு விழுந்தால் ஒன்று பசை போகவில்லை, அல்லது மேலே கஞ்சி ஏற்றியிருக்கிறார்கள். கஞ்சிதானா என்று தெரிய, கறுப்புத் துணி ஒன்றின் மேல் வேஷ்டியின் இரண்டு மடிப்புகளைச் சேர்த்து நன்றாகத் தேயுங்கள். வெள்ளைத் தூள் உதிர்ந்தால் அது மாவு. சேலத்தில் மரவள்ளி மாவுக்குப் பஞ்சமில்லை. பருத்திப் பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளுக்கு, அந்தக் கஞ்சி கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு போன்ற அச்சில் உரசி இழை அறுந்துகொண்டே இருக்கும். பட்டு வேஷ்டிக்கு மடிப்பு நிற்க லேசாகப் பசை கொடுப்பதிலும் தப்பில்லை. நெருக்கம் குறைந்த நெசவைக் கனமாகக் காட்டுவதற்காக ஏற்றும் கஞ்சிதான் ஏமாற்று. "எடை பாருங்க சார், எவ்வளவு கனம்" என்று சொல்லி விற்கும் இடத்தில் இந்தச் சோதனையைச் செய்யாமல் வராதீர்கள்.

அடுத்து நெருக்கம். இழை எண்ணும் சின்ன மடக்குக் கண்ணாடி கையில் இருந்தால் நல்லது. ஒரு அங்குலத்துக்குள் வரும் ஊடை இழைகளை, அதாவது குறுக்கிழைகளை, தலைப்பில் ஒரு இடம், நடுவில் ஒரு இடம், கடைசியில் ஒரு இடம் என்று எண்ணுங்கள். கைத்தறியில் இழை நாலைந்து கூடக் குறைய வருவது இயல்பு, அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். தலைப்பில் நெருக்கமாகவும் நடுவில் கலகலவென்றும் இருந்தால் வேண்டாம். விரித்துக் காட்டும் பக்கத்தை மட்டும் அழுத்தி அடித்திருக்கிறார்கள் என்று பொருள்.

கண்ணாடி இல்லாவிட்டால் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். நீளவாக்கில் ஒரே கோடு ஓடினால் பாவிழை அறுந்து, முடிச்சுப் போடாமலே நெய்திருக்கிறார்கள், அல்லது அச்சின் ஒரு கண்ணில் இழை தவறாகக் கோத்திருக்கிறது. அச்சில் தவறு என்றால் அந்தப் பாவில் வந்த அத்தனை வேஷ்டியிலும் அதே கோடு இருக்கும். அடுத்த உருப்படியைக் கேட்டு வாங்கியும் பயனில்லை. குறுக்குவாட்டில் பட்டை தெரிந்தால் தறியை நிறுத்தி மறுபடி தொடங்கிய இடம் அது. ராத்திரி முழுக்க இழுவையிலேயே நின்ற பாவு கொஞ்சம் நீண்டுவிடும். காலையில் இழுவையைச் சரிசெய்யாமல், குறுக்கிழையைக் கொண்டுபோகும் நாடாவை முதல் முறை விட்டால் அங்கே நெருக்கம் மாறும். மெல்லிய பட்டை ஒன்றிரண்டு துவைத்ததும் மங்கிவிடும். விரல் நகத்துக்குத் தட்டுப்படும் பட்டை போகாது.

இனி நான் முக்கியமாகக் கருதும் இடம்: உடலும் கரையும் சேரும் வரி. பட்டிழை இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். ஜரிகை அப்படியில்லை. இரண்டையும் ஒரே இழுவையில் வைத்தால் தறியில் இருக்கும்வரை எல்லாம் சமமாகத்தான் தெரியும். இறக்கியதும் உடல் சுருங்கும், கரை சுருங்காது. மிஞ்சிய நீளம் அலையாக நிற்கும். தேர்ந்த நெசவாளர் கரைப் பாவைத் தனியாகப் பிரித்து, அதற்கென்று தனி எடை தொங்கவிட்டு, நெய்ய நெய்ய எடையைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே வருவார். எடை கூடிப்போனால் எதிர்மாறாக நடக்கும்: கரை குட்டையாகி, பக்கத்து உடல் பொடிப்பொடியாகக் கொசுவிக்கொள்ளும். பரிசோதனை எளிது. மேஜைமேல் ஒரு மீட்டரை இழுக்காமல் படர விடுங்கள். கரை அலையடிக்கிறதா, உடல் கொசுவுகிறதா என்று கண்ணுக்கே தெரியும். பிறகு டேப்பால் இரண்டு கரைகளையும் நடு உடலையும் நீளவாக்கில் அளந்து பாருங்கள். 8 முழத்தில் அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள். தேய்ப்புப் பெட்டி அதை ஒரு நாள் மறைக்கும், முதல் சலவை வெளியே கொண்டுவந்துவிடும். பிறகு யாராலும் சரிசெய்ய முடியாது.

இந்த விஷயத்தில் சங்கக் கடைச் சரக்கு பொதுவாக நன்றாகவே இருக்கிறது. உருப்படி வாங்கும்போதே அளந்து, குறை பார்த்து, கூலி போடும் வழக்கம் இருப்பதுதான் காரணம். தனியார் கடைகளில் சரக்கு பல இடத்திலிருந்து வருவதால் ஒரே அடுக்கில் அருமையானதும் மோசமானதும் கலந்தே கிடக்கும். பொறுமையாகப் பொறுக்கத் தெரிந்தவருக்கு அங்கேயும் நல்லது அகப்படும்.

ஜரிகையைப் பற்றிச் சுருக்கமாக. அசல் ஜரிகை என்றால் பட்டு நூலின் மேல் தட்டையான வெள்ளிக் கம்பி சுற்றி, மேலே தங்க முலாம் பூசியது. அடுத்த ரகத்தில் வெள்ளிக்குப் பதில் செம்பு. கடைசி ரகம் பாலியஸ்டர் படலம். தலைப்பு ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு இழையைக் கேட்டு வாங்கிக் கொளுத்துங்கள். படலம் உருகி உருண்டையாகும். பட்டு உள்நூல் முடி கருகும் வாசனையோடு கரிந்து, கம்பி மட்டும் நிற்கும். கம்பி வெள்ளியா செம்பா என்ற சந்தேகம் தீர செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகள் இருக்கின்றன. செம்பு ஜரிகை மட்டமென்று ஒதுக்க வேண்டியதில்லை, முகூர்த்தத்துக்கு ஒரு நாள் கட்டிவிட்டுப் பத்திரப்படுத்தும் வேஷ்டிக்கு அது போதும். வியர்வையோடு அடிக்கடி கட்டினால் கறுத்து, மடிப்பில் பச்சை பூக்கும். எந்த ரகம் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பல இடங்களில் "பட்டு வேஷ்டி 1" என்று மட்டும் எழுதி நீட்டுகிறார்கள். நாளைக்கு ஒரு பேச்சு என்று வந்தால் அந்தப் பில் எதற்கும் உதவாது.

முத்திரைகளையும் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். சில்க் மார்க் சீட்டு இருந்தால் நூல் சுத்தமான பட்டு, அவ்வளவுதான். அது கைத்தறியா விசைத்தறியா என்றோ, ஜரிகை அசலா என்றோ அந்தச் சீட்டு எதுவும் சொல்வதில்லை. கையால் நெய்தது என்பதற்குக் கைத்தறி முத்திரை தனி. சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அது ஊரையும் முறையையும் காப்பது. 1985ஆம் வருடத்துக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப் பட்டியலில் வேஷ்டியும் இருக்கிறது. இருந்தும் விசைத்தறிச் சரக்கு கைத்தறிப் பெயரில் சந்தைக்கு வருகிறது. ஓரத்தை உற்றுப் பாருங்கள். அகலம் குறுகாமல் இருக்கத் தறியில் பொருத்தும் குச்சியின் ஊசிமுனைகள் கைத்தறித் துணியின் இரண்டு ஓரத்திலும் விட்டுவிட்டுத் துளைகளை விட்டிருக்கும். சிலர் அதைக் குறை என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கிறார்கள். அது குறையே இல்லை, சொல்லப்போனால் சாட்சி.

சொல்லி நெய்து வாங்குவது பற்றி. உயரமானவர்களுக்கு இது பெரிய வசதி. கடையில் தொங்கும் வேஷ்டி கணுக்காலுக்கு மேலே நின்றுவிடும். தறியில் அகலத்தைக் கூட்டிக் கேட்கலாம். ஆனால் என்ன கேட்கலாம், என்ன கேட்கக் கூடாது என்பது பாவில் இருக்கிறது. அங்குலத்துக்கு 100 இழை, அகலம் 50 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் பாவில் 5,000 இழை. பழைய பாவு தீர்ந்து புதுப் பாவு ஏற்றும்போது, அச்சிலும், இழைகளை மேலும் கீழும் தூக்கும் விழுதிலும் ஏற்கெனவே கோத்து நிற்கும் பழைய இழை நுனி ஒவ்வொன்றோடும் புது இழையைப் பிணைக்க வேண்டும். பிணைப்பவர் தறிக்குள் குனிந்து உட்கார்ந்து, விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு, இரண்டு நுனியையும் சேர்த்து ஒரே திருகில் முறுக்கிவிட்டு அடுத்ததை எடுப்பார். முடிச்சு கிடையாது, முடிச்சாக இருந்தால் அச்சுக் கண்ணில் சிக்கும். ஒரு இழை இடம் மாறினாலும் அந்தக் கோடு பாவு தீரும்வரை வரும்.

ஆகவே ஒரே ஒரு வேஷ்டிக்காகப் பாவின் அகலத்தையோ நெருக்கத்தையோ மாற்றச் சொன்னால் எந்த நெசவாளருக்கும் கட்டாது. ஏற்கெனவே அகலப் பாவு ஓடும் தறி எது என்று விசாரித்து, அதில் ஒரு உருப்படியைக் கேட்பதுதான் வழி. தலைப்பில் ஜரிகைப் பட்டை எத்தனை, எவ்வளவு அகலம் என்பதெல்லாம் ஊடை சம்பந்தப்பட்டது, ஒரு வேஷ்டிக்கு மட்டும் மாற்றலாம். கரையின் பூவை மாற்ற, எந்த இழை எழ வேண்டும் என்று தறிக்குச் சொல்லும் துளையிட்ட ஜக்கார்டு அட்டை மாற வேண்டும். அட்டை ஏற்கெனவே அடித்து வைத்திருந்தால் முடியும்; புதிதாக வரைந்து அடிக்க வேண்டுமென்றால் நாலைந்து குடும்பம் சேர்ந்து கேட்டால்தான் செலவு பரவும். சங்கங்கள் இதையெல்லாம் பொறுமையாகச் சொல்கின்றன. ஆனால் பேசியதை எழுத்தில் கொடுப்பதில் இன்னும் சுணக்கம் இருக்கிறது. நீளம், அகலம், கரை அகலம், ஜரிகை ரகம், தரும் தேதி ஐந்தையும் நீங்களே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நுணுக்கத்தைக் கற்றுக்கொள்ளவே ஆசை இருப்பவர்களுக்குச் சேலத்திலேயே நெசவாளர் சேவை மையமும், 1960இல் தொடங்கிய இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகமும் இருக்கின்றன.

அங்கவஸ்திரம்தான் இந்த ஜோடியில் எனக்குத் திருப்தி தராதது. பல ஜோடிகளில் அது வேஷ்டியோடு ஒரே பாவில் வந்ததில்லை. வெள்ளை சற்று மாறும், நெருக்கமும் குறையும். ட்யூப் லைட்டில் தெரியாது. வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

பராமரிப்பில் கெடுவது பெரும்பாலும் முதல் சலவையில். கல்யாண வேஷ்டியில் மஞ்சள், சந்தனம், ஹோம நெய் எல்லாம் இருக்கும். மஞ்சள் கறையில் சோப்பு பட்டால் காரத்தில் அது செந்நிறமாகிவிடும். பார்த்துப் பதறி மேலும் தேய்ப்பார்கள். முதலில் வெறும் பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு பட்டுக்கென்று விற்கும் காரமில்லாத திரவத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஊறவிடாமல் எடுங்கள். போர் தண்ணீரைத் தவிர்த்து, குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீரையே பயன்படுத்துங்கள். உப்புத் தண்ணீரும் சோப்பும் சேர்ந்தால் வெள்ளை மேல் சாம்பல் படலம் உட்காரும். கடைசி அலசலில் ஒரு வாளிக்கு ஒரு ஸ்பூன் வினிகர் போதும். வெளுப்பதற்காகக் குளோரின் திரவம் ஒரு சொட்டும் கூடாது. அது பட்டை மஞ்சளாக்குவதோடு இழையையே அரித்துவிடும். முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்தி, ஈரம் முழுதும் போகுமுன் உள்பக்கமாகத் தேயுங்கள். ஜரிகை மேல் ஒரு மெல்லிய துணி போட்டுக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் உறையில் வைக்காமல் பழைய பருத்தி வேஷ்டியில் சுற்றி வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை அந்த வரியிலேயே ஒடியும்.

தள்ளுபடிக்காகத் தீபாவளி வரை காத்திருந்து வாங்குவது ஆயத்த வேஷ்டிக்குச் சரி. சொல்லி நெய்வதற்கு அது சரியான காலமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் குழித்தறிப் பள்ளத்தில் தண்ணீர் ஊறி நெசவு நிற்கும், ஈரக் காற்றில் பாவின் இழுவையும் மாறும். முகூர்த்தம் இல்லாத ஆடியில் கைக்கு வேலை குறைவாக இருக்கும்போது தறியைத் தேடிப் போங்கள். ஆவணிக் கல்யாணமாக இருந்தால் ஆடி முதல் வாரத்திலேயே தாளை எழுதி முடித்திருக்க வேண்டும்.