மைக்ரோசாட்டிலைட் குறிப்பான்களா, முழு மரபணுத்தொகையா?

அருகிவரும் விலங்குகளைக் காக்க மரபணுத் தரவை நாடுவோர், மைக்ரோசாட்டிலைட் குறிப்பான்கள் எனப்படும், டி.என்.ஏ.வில் திரும்பத் திரும்ப வரும் சில குறுந்தொடர்களை மட்டும் சோதிப்பதா, முழு மரபணுத்தொகையையும், அதாவது உயிரியின் மொத்த டி.என்.ஏ.வையும், வரிசைப்படுத்துவதா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. முதல் முறைக்குக் காட்டில் பொறுக்கிய எச்சத்திலுள்ள சிதைந்த டி.என்.ஏ.வே பெரும்பாலும் போதும். தனி விலங்குகளை அடையாளம் கண்டு எண்ணவும், உறவுமுறையை அறியவும் அது உதவும். செலவும் குறைவு.

ஆனால் தீங்கான மரபணுத் திரிபுகள் எவ்வளவு சேர்ந்துள்ளன என்பதை அது சொல்லாது. கலிபோர்னியா வளைகுடாவில் மட்டுமே வாழும் வாகிட்டா என்னும் சிறிய கடற்பாலூட்டியின் மரபணுத்தொகைகளை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வு, அதன் மரபணுப் பன்மை நெடுங்காலமாகவே குறைவு என்றும், அதனால் தீங்கான திரிபுகளும் குறைவாகவே உள்ளன என்றும், செவுள் வலைகளில் சிக்கி மடிவது நின்றால் அவ்வினம் மீளக்கூடும் என்றும் காட்டியது. குறிப்பான்களை மட்டும் பார்த்திருந்தால், குறைந்த பன்மையைக் கண்டு அவ்வினத்தைக் கைவிடலாம் என்றே சிலர் வாதிட்டிருப்பர்.

இருப்பினும், தரமான மாதிரியும் கணினித் திறனும் கேட்கும் இரண்டாம் முறையை வெறும் எண்ணிக்கைக்குப் பயன்படுத்துவது வீண். 1995இல் புளோரிடாச் சிறுத்தைகள் எனப்படும் பூமாக்களிடையே டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களை விட்டு, உட்கலப்பின், அதாவது நெருங்கிய உறவுகளுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடப்பதன், பாதிப்பைக் குறைத்தபோது, பூமாவின் முழு மரபணுத்தொகை எவர் கையிலும் இல்லை.