ஈயம் பத்தவைக்க ரோசினா, அசிட் ஃப்ளக்ஸா?

ஹட்டன் பக்கம் ரேடியோ, டோர்ச் ரிப்பேர் பழகுற பசங்க அடிக்கடி கேக்கிறது இது. ஃப்ளக்ஸ்னா ஈயம் நல்லா ஒட்டுறதுக்காக பத்தவைக்கிற இடத்துல பூசுறது. ரெண்டுமே டப்பாவுல பேஸ்ட்டா வந்தா எழுத்தைப் பாருங்க, சிங்க் குளோரைட், அமோனியம் குளோரைட்னு இருந்தா அசிட். ரோசின்னா பைன் மரத்துப் பிசின், கட்டியா இருந்தா தேன் கலரு.

பத்தவைச்ச பிறகு ஒட்டியிருக்கிற மிச்சம்: ரோசின் ஆறினா சும்மா கெடக்கும். அசிட் ஈரத்தை இழுக்கும், நம்ம ஊரு பனிக்கு சொல்லவா வேணும், நான் ஒருக்கா ரேடியோ போர்டுல பூசி ரெண்டே மாசத்துல செம்புக் கோடெல்லாம் பச்சையா பூத்து அறுந்துருச்சு, அப்பாவோட ரேடியோ அது, இன்னும் மனசு ஆறல.

பிடிப்பு: கல்வனைஸ் (சிங்க் பூசின) தகரத்துல ரோசின் சரிவராது, அசிட்தான்.

அதனால போர்டு, வயருக்கு ரோசின் மட்டும். வாளி, தகரப் பீலி ஓட்டைக்கு அசிட், முடிஞ்சதும் அப்பச்சோடா கரைச்ச சுடுதண்ணியில நல்லா கழுவிருங்க. எதுன்னாலும் ஜன்னலைத் திறந்து வைங்க, புகை நெஞ்சுக்கு ஆகாது.